ஆள் எடுக்கும் முன்பே மீட்டர் ஓடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரித்தானியாவின் பழைய பிஎஸ்டிஎன் என்னும் கம்பிவழித் தொலைபேசிச் சேவையும் ஐஎஸ்டிஎன் என்னும் எண்ணியல் தொலைபேசி இணைப்புகளும் 2027 ஜனவரி 31-உடன் நிறுத்தப்படவிருக்கின்றன. புதிய இணைப்பாக அவற்றை விற்பது 2023 செப்டம்பரிலேயே நின்றுவிட்டது. இதனால் நம்மவர்கள் நடத்தும் சிறு அலுவலகங்களும் கணக்காளர், கணினி உதவி, சோதிட ஆலோசனை என்று பாகுபாடில்லாமல் இணையவழித் தொலைபேசிக்கு மாறி வருகின்றன. அலுவலகப் போன்களை வெளி இணைப்போடு சேர்க்கும் கருவியை நாங்கள் ‘பெட்டி’ என்கிறோம். பழைய பெட்டி மணி அடித்தது, ஆள் எடுத்தார், அவ்வளவுதான். புதிய பெட்டியில் வரவேற்புக் குரல், ‘ஒன்றை அழுத்துங்கள்’ என்னும் பட்டியல், காத்திருப்பு இசை எல்லாம் கூடுதல் செலவில்லாமல் கிடைக்கின்றன. சாதாரண எண்ணுக்கு இவை நல்ல வசதிகள்தாம். 09 என்று தொடங்கும் அதிகக் கட்டண எண்ணுக்கும் இவற்றை அப்படியே மாட்டிவிட்டால், அழைப்பவர் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அவருடைய பணம் போகத் தொடங்கிவிடும். இதைப் பற்றி விவரமாக எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. தமிழில் இதை எங்கும் நாங்கள் பார்க்கவில்லை.

முதலில் கட்டணக் கணக்கு. 2015 ஜூலை 1 முதல் 084, 087, 09, 118 எண்களுக்கான கட்டணம் இரண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று சேவைக் கட்டணம். அது எண்ணை வைத்திருப்பவர் பக்கம் போகிறது. மற்றது அணுகல் கட்டணம். அதை அழைப்பவரின் தொலைபேசி நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. 084 எண்களுக்குச் சேவைக் கட்டணம் நிமிடத்துக்கு 7 பென்ஸ் வரை, 0871, 0872, 0873 எண்களுக்கு 13 பென்ஸ் வரை. 09 எண்களுக்கு நிமிடத்துக்கு 3.60 பவுண்டு வரை, அல்லது ஓர் அழைப்புக்கு 6 பவுண்டு வரை வைக்கலாம். அணுகல் கட்டணம் இதற்கு மேல் தனியாக ஏறும். மொபைலில் அது நிமிடத்துக்குப் பல பத்து பென்ஸ் ஆகக்கூடும். அலுவலகத்தின் பங்கு 13 பென்ஸ்தான் என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருக்க, அழைத்தவரின் பில்லில் அதைப்போலப் பல மடங்கு விழுவது இந்த இரண்டாவது துண்டால்தான்.

இந்த எண்களை எதற்கு வைக்கலாம் என்பதிலும் எல்லை உண்டு. 2014 ஜூன் 13-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் ஒப்பந்த விதிகளின் 41-ஆம் விதிப்படி, ஏற்கெனவே பொருளோ சேவையோ வாங்கிய வாடிக்கையாளர் அது பற்றிப் பேச அழைக்கும் எண் அடிப்படைக் கட்டணத்துக்கு மேல் போகக் கூடாது. 01, 02, 03 எண்களோ 0800, 0808 எண்களோ மொபைல் எண்ணோ வைக்கலாம். 084, 087, 09 வைக்கக் கூடாது. விற்ற பொருள் பழுதானதைச் சொல்ல 0871-க்கு அழைக்கச் சொல்லும் கடைக்காரர், அந்த அதிகப்படிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஆகவே இத்தகைய அலுவலகங்களில் 09 எண்ணுக்கு உரிய இடம் ஒன்றுதான். தொலைபேசியில் கொடுக்கும் ஆலோசனையே விற்கப்படும் சேவையாக இருக்க வேண்டும். அப்படி நடத்துபவர்கள் முன்பு பிஎஸ்ஏ என்ற அமைப்பின் மேற்பார்வையில் இருந்தார்கள். 2025 பிப்ரவரி 1 முதல் அந்தப் பொறுப்பு நேரடியாகத் தகவல்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காமிடம் போய்விட்டது. சேவையைத் தேவையில்லாமல் தாமதிக்கவோ இழுத்தடிக்கவோ கூடாது என்பது இந்தத் துறையின் ஒழுங்குவிதிகளில் நெடுங்காலமாக இருக்கும் கட்டளை. அழைத்தவரை மீட்டர் ஓடும் நிலையில் ஐந்து நிமிடம் இசை கேட்க வைப்பது அந்தக் கட்டளைக்கு நேர் எதிரானது. உரிமையாளர் மனதில் தீய எண்ணமே இல்லாவிட்டாலும் விளைவு அதுவே.

மீட்டர் எப்போது ஓடத் தொடங்குகிறது? நம்மில் பலர், மனிதர் ஒருவர் ‘ஹலோ’ சொல்லும்போது என்று எண்ணுகிறோம். வலையமைப்புக்கு மனிதரைத் தெரியாது. அது பார்ப்பது ஒரு சமிக்ஞையை மட்டும். ஐஎஸ்டிஎன்னில் அதன் பெயர் கனெக்ட். இணையவழித் தொலைபேசியின் சமிக்ஞை முறையான எஸ்ஐபியில் 200 ஓகே. அழைப்பு வந்ததும் அலுவலகப் பெட்டி முதலில் 100 என்று பதில் அனுப்புகிறது. மணி அடிக்கும்போது 180, மணிக்குப் பதிலாக வேறு ஒலியைக் கேட்கவைக்கும்போது 183. இதுவரை கட்டணம் இல்லை. 200 ஓகே போன அந்த நொடியில் கட்டணம் தொடங்குகிறது. அதை அனுப்பியது ஆலோசகரா, வரவேற்புக் குரலா, குரல் அஞ்சலா, தொலைநகல் கருவியா என்ற வேறுபாடு கட்டணக் கணினிக்குக் கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். உங்கள் மொபைலிலிருந்து அந்த எண்ணை அழையுங்கள். மணியோ குரலோ கேட்கும்போது திரையில் ‘அழைக்கிறது’ என்று மட்டும் இருந்தால் மீட்டர் ஓடவில்லை. எண்ணுக்குக் கீழே 00:01, 00:02 என்று கடிகாரம் நகரத் தொடங்கியதும் ஓடத் தொடங்கிவிட்டது. வரவேற்புக் குரலின் முதல் சொல் காதில் விழும்போதே அந்தக் கடிகாரம் நகர்கிறதென்றால் அந்த அலுவலகத்தின் அமைப்பு தவறு. அழைக்கும் வாசகர்களும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். வயதான பெற்றோர் இத்தகைய எண்களை அழைக்கும் வீடுகளில் இதைச் சொல்லிக் கொடுப்பது நல்லது. கடிகாரம் ஓடுகிறது, எதிரில் ஆள் இல்லை என்றால் துண்டித்துவிடலாம்.

இனி அலுவலகத்தின் உள்ளே செய்ய வேண்டியது. பெட்டிக்கு எந்த அழைப்பு 09 வழி வந்தது என்று தெரிய வேண்டும்; அடித்தளம் அதுதான். 09 எண் எந்தக் கம்பியோடும் கட்டப்பட்டதல்ல. அதை வழங்கும் நிறுவனம் அதை உங்கள் சாதாரண எண் ஒன்றுக்கு மொழிபெயர்த்து அனுப்புகிறது. பல நிறுவனங்கள் அழைப்பை ஒப்படைக்கும்போது 09 எண்ணைக் காட்டாமல் அடியில் உள்ள 020 எண்ணையே காட்டுகின்றன. அந்த 020 எண்ணை வேறு அட்டையிலோ விளம்பரத்திலோ போட்டிருந்தால், இலவச நிமிடத்தில் அழைத்தவரும் 1.50 பவுண்டு கொடுத்து அழைத்தவரும் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள், பிரித்துப் பார்க்க வழியிருக்காது. ஒவ்வொரு 09 எண்ணுக்கும் யாருக்கும் கொடுக்காத ஒரு தனி நேரடி எண்ணை வாங்கி அதற்குக் கட்டுங்கள். பிறகு அந்த எண்ணுக்கான உள்வரும் வழியில், அழைப்பவர் பெயருக்கு முன்னால் ஒரு முன்னொட்டுப் போடுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸ் என்னும் பெட்டி மென்பொருளில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. மேசைப் போனின் திரையில் ‘09 - 1.50’ என்று தெரிந்தால், எடுப்பவர் ‘ஒரு நிமிஷம் இருங்கோ, ஃபைலைத் தேடிப் பார்க்கிறேன்’ என்று சொல்வதற்கு முன் யோசிப்பார்.

அடுத்தது, மனிதர் எடுக்கும்வரை 200 ஓகே போகாமல் தடுப்பது. எந்தப் பெட்டியானாலும் நினைவில் வைக்க வேண்டியது: குரல் பட்டியல் எப்போதும் அழைப்பை எடுத்துவிடும், அழைப்பவர்களைக் காத்திருக்க வைக்கும் வரிசை பெரும்பாலும் எடுத்துவிடும், பல போன்களை ஒன்றாக அடிக்கும் ரிங் குரூப் வெறுமனே மணி அடிக்கும், எடுக்காது. ஆகவே மூன்று பேருக்கு உட்பட்ட அலுவலகத்துக்கு ரிங் குரூப் ஒன்றே போதும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வாடகைக்குக் கிடைக்கும் இணையப் பெட்டிகளில் வரிசையை எடுக்காமல் வைக்கும் தெரிவே பலவற்றில் இல்லை. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘வரிசையில் நிற்கும்போது 200 ஓகே போகுமா?’ பதில் சொல்லத் தடுமாறினால், வாங்கும் முன் மொபைல் கடிகாரச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஃப்ரீபிபிஎக்ஸ் போல ஆஸ்டரிஸ்க் என்னும் மென்பொருளின் அடிப்படையிலான பெட்டிகளில் இதைச் செய்ய நல்ல வசதி உண்டு. ஃப்ரீபிபிஎக்ஸில் அறிவிப்புப் பகுதியில் ‘டோன்ட் ஆன்ஸர் சேனல்’ என்றொரு தெரிவும், வரிசைப் பகுதியில் ‘க்யூ நோ ஆன்ஸர்’ என்றொரு தெரிவும் இருக்கின்றன. இரண்டையும் ‘ஆம்’ ஆக்குங்கள். டயல்பிளானை, அதாவது அழைப்பைப் பெட்டி எப்படி நடத்த வேண்டும் என்ற கட்டளைகளை, கையால் எழுதுபவர்களுக்கு ஐந்தே வரி. முதல் வரி ப்ராக்ரெஸ். இது 183-ஐ அனுப்பி ஒலிப்பாதையைத் திறக்கிறது. இரண்டாவது வரி ஒரு விநாடி வெயிட். இது இல்லாவிட்டால் பாதை திறப்பதற்குள் அறிவிப்பின் முதல் சொல் விழுங்கப்பட்டுவிடும். மூன்றாவது வரி ப்ளேபேக், அதில் ‘நோஆன்ஸர்’ என்ற தெரிவோடு. இதில்தான் கட்டண அறிவிப்பு ஒலிக்கிறது. அந்தச் சொல்லை மறந்தால் ப்ளேபேக் தானாகவே அழைப்பை எடுத்துவிடும். நாங்கள் சொல்லும் தவறுகளில் பாதி இந்த ஒரு சொல்லை விட்டதால் வருவதுதான். நான்காவது வரி டயல், 40 விநாடி வரம்போடு. ஐந்தாவது வரி ஹேங்கப், 17 என்ற காரண எண்ணோடு. அழைத்தவருக்கு அது ‘பிஸி’ ஒலியாகக் கேட்கும், ஒரு பென்னியும் போகாது.

மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் இடையில் ஒரு குழி இருக்கிறது. அறிவிப்பு முடிந்து உள்ளே போன்கள் அடிக்கத் தொடங்கும். அழைத்தவருக்கோ வெறும் மௌனம். ஒலிப்பாதை ஏற்கெனவே திறந்துவிட்டதால் அவருடைய நிறுவனம் தானாக மணியொலி உண்டாக்குவதில்லை, நம் பெட்டியே அந்த ஒலியை அனுப்ப வேண்டும். டயல் கட்டளையில் ‘ஆர்’ போட்டால் மணியொலி, ‘எம்’ போட்டால் இசை. அப்படியும் மௌனமாக இருந்தால் டிரங்கின், அதாவது பெட்டியை வெளி நிறுவனத்தோடு சேர்க்கும் இணைப்பின், அமைப்பில் ‘இன்பேண்ட் ப்ராக்ரெஸ்’ என்பதை ‘ஆம்’ ஆக்கிப் பாருங்கள். மௌனத்தைக் கேட்டவர் இணைப்பு அறுந்ததென்று நினைத்து வைத்துவிட்டு மறுபடி மறுபடி அழைப்பார்.

எடுக்காத நிலையில் செய்ய முடியாதவையும் உண்டு. அழைப்பவரின் குரலும் அவர் அழுத்தும் விசையொலியும் 200 ஓகேக்கு முன் நம்மை வந்தடையும் என்ற உறுதி இல்லை. பல வழிகளில் ஒலி ஒரு திசையில் மட்டுமே போகும். ஆகவே ‘தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு’ என்ற பட்டியலை இலவசமாக ஓட்ட இயலாது. தமிழுக்கு ஓர் எண், ஆங்கிலத்துக்கு ஓர் எண் என்று இரண்டு 09 எண்கள் வாங்கி விளம்பரத்திலேயே பிரித்துப் போடுவதுதான் நேர்மையான வழி. காலமும் எல்லையற்றதல்ல. எடுக்கப்படாத அழைப்பை இடையில் உள்ள நிறுவனங்கள் தாமாகவே வெட்டிவிடும். எஸ்ஐபி தரத்தின்படி இடைநிலைக் கணினிகள் குறைந்தது மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும், நடைமுறையில் அதற்கு முன்பே வெட்டுபவர்களும் உண்டு. அறிவிப்பு 12 விநாடி, மணி 40 விநாடி என்று மொத்தம் ஒரு நிமிடத்துக்குள் முடிப்பது பாதுகாப்பு. எடுக்காத நிலையிலேயே நீண்ட ஒலிப்பதிவுகளை ஓட்டி, கட்டணமில்லாமல் தகவல் சேவை நடத்தப் பார்த்தால் டிரங்க் நிறுவனம் ஒப்பந்தத்தை முறிக்கும். அது அவர்களுடைய உரிமை.

வரிசை வைத்தே ஆக வேண்டிய அலுவலகம் இரண்டு தெரிவுகளைக் கவனமாகப் போட வேண்டும். வரிசையில் நிற்கக்கூடியோர் எண்ணிக்கை, அதாவது ‘மேக்ஸ்லென்’, ஆலோசகர்கள் எண்ணிக்கைக்கு மேல் போகக் கூடாது. அதன் இயல்பு மதிப்பு பூச்சியம். பூச்சியம் என்றால் யாரும் நிற்க முடியாது என்று பொருளல்ல, எல்லையே இல்லை என்று பொருள். இதைத் தெரியாமல் விட்டவர்கள் ஏராளம். ‘ஜாயின்எம்ப்டி’ என்பதை ‘ஸ்ட்ரிக்ட்’ ஆக்குங்கள். அப்போது ஆலோசகர் எவரும் உள்நுழையாத நேரத்தில் அழைப்பவர் வரிசைக்குள்ளேயே விடப்படமாட்டார். வரிசை நிறைந்தாலோ ஆள் இல்லாவிட்டாலோ அடுத்த நிறுத்தம் குரல் அஞ்சலாக இருக்கக் கூடாது; அதே 17-ஆம் காரணத்தோடு துண்டிப்பு. எடுக்கப்படாத அழைப்பிலும் அழைத்தவரின் எண் பதிவேட்டில் விழுந்துவிடும், அவர் மறைத்திருந்தாலன்றி. அலுவலகம் தன் செலவில் திரும்ப அழைத்து, ‘பிஸியாக இருந்தது, இப்போது அழைக்கலாம்’ என்று சொல்வதற்கு ஓரிரு பென்ஸ்தான் ஆகும்.

குரல் அஞ்சல் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அது 09 அழைப்பின் பரம எதிரி. ஆலோசகர் தன் மேசைப் போனை மொபைலுக்குத் திருப்பிவிட்டுப் போகிறார், மொபைல் அணைந்திருக்கிறது, மொபைல் நிறுவனத்தின் குரல் அஞ்சல் எடுக்கிறது, நம் பெட்டி அதை மனிதர் என்று நம்பி 200 ஓகே அனுப்புகிறது. இதைத் தடுக்க ரிங் குரூப்பில் ‘இக்னோர் சிஎஃப்’ என்ற தெரிவை இயக்குங்கள். தனிப்பட்ட திருப்புதல்கள் செல்லாமல் போகும். மொபைலுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்றால் ‘கன்ஃபர்ம் கால்ஸ்’ தெரிவை இயக்குங்கள். எடுத்தவர் 1-ஐ அழுத்தினால்தான் அழைப்பு இணையும். குரல் அஞ்சலால் 1-ஐ அழுத்த முடியாது.

அலுவலகம் மூடியிருக்கும் நேரத்துக்கும் இதே முறை. காலவரையறை விதியில் மூடிய நேரத்து அழைப்பு, எடுக்கப்படாத அறிவிப்புக்குப் போய், ‘திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 முதல் மாலை 6 வரை’ என்று சொல்லி, துண்டிக்கப்பட வேண்டும். சில வழிகளில் 200 ஓகேக்கு முன் நாம் அனுப்பும் ஒலி அழைப்பவரைச் சென்றடையாமல் மணியொலி மட்டும் கேட்கலாம். அதனால்தான் அறிவிப்புக்குப் பின் பிஸி ஒலி அவசியம். தீபாவளி, பொங்கல், வங்கி விடுமுறை நாட்களை அந்த விதியில் முன்கூட்டியே ஏற்றி வையுங்கள். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறும் நாட்கள். பெட்டியின் நேர மண்டலம் ‘யூரோப்/லண்டன்’ என்று இல்லாமல் யூடிசி (கோடைக்காலத்தில் மாறாத உலகப் பொது நேரம்) என்று இருந்தால், கோடைக்காலம் முழுவதும் ஒரு மணி நேரம் தவறிப்போகும்.

பேசத் தொடங்கிய பிறகு தேவைப்படுவது உச்சவரம்பு. நிமிடத்துக்கு 1.50 பவுண்டு என்றால் 20 நிமிடத்தில் 30 பவுண்டு. கவலையில் அழைப்பவர்களுக்கு நேரம் போவது தெரியாது, முக்கியமாகச் சோதிட ஆலோசனைகளில். டயல் கட்டளையின் ‘எல்’ தெரிவில் மூன்று எண்கள் கொடுக்கலாம், மூன்றும் மில்லிவிநாடியில். 1200000 என்றால் 20 நிமிடத்தில் துண்டிப்பு. 60000 என்றால் ஒரு நிமிடம் மீதமிருக்கும்போது எச்சரிக்கை. 30000 என்றால் அந்த எச்சரிக்கை ஒவ்வொரு அரை நிமிடமும் திரும்ப ஒலிக்கும். ஒரு பூச்சியம் குறைந்தால் இரண்டே நிமிடத்தில் வெட்டும், ஒரு பூச்சியம் கூடினால் 200 நிமிடம் ஓடும். எண்ணிப் பார்த்துப் போடுங்கள். எச்சரிக்கை யாருக்குக் கேட்க வேண்டும் என்பதையும் அமைக்க வேண்டும்: பணம் கொடுப்பவர் அழைப்பவர், ஆகவே அவருக்குக் கட்டாயம் கேட்க வேண்டும். ஃப்ரீபிபிஎக்ஸின் பொது அமைப்பில் உள்ள டயல் தெரிவுகளில் இதைப் போடாதீர்கள். அங்கே போட்டால் அலுவலகத்தின் எல்லா அழைப்பும் 20 நிமிடத்தில் அறுந்துவிடும். தனி டயல்பிளான் கோப்பில் எழுதி, தனி இலக்காக 09 வழிக்கு மட்டும் கட்டுங்கள். உங்கள் சேவை வகைக்கு ஆஃப்காம் விதி வேறு வரம்பு சொல்லியிருந்தால் அந்த வரம்பே செல்லும்.

ஒரு குறிப்பிட்ட கோளாறைத் தனியாகச் சொல்கிறோம், ஏனென்றால் அது மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கும். அழைப்பு எடுக்கப்படுகிறது, பேச்சு தொடங்குகிறது, சரியாக 32-ஆவது விநாடியில் அறுகிறது. நாம் அனுப்பிய 200 ஓகேக்கு எதிர்ப்பக்கம் ஏசிகே என்ற ஒப்புதல் அனுப்ப வேண்டும். நம் பெட்டி தன் முகவரியாக 192.168 என்று தொடங்கும் உள்வலை முகவரியைக் கொடுத்திருந்தால் அந்த ஒப்புதல் வழிதவறிவிடும். பெட்டி 200 ஓகேயை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்த்து, 32 விநாடியில் கைவிட்டு அழைப்பை மூடுகிறது. 6 பவுண்டு என்று அழைப்புக்கு ஒரே கட்டணம் வைத்த எண்ணில் இது நடந்தால், அரை நிமிடப் பேச்சுக்கு 6 பவுண்டு, திரும்ப அழைத்தால் இன்னொரு 6. பெட்டியில் வெளி முகவரியையும் உள்வலை எல்லையையும் சரியாக எழுதுங்கள். ரவுட்டரில் எஸ்ஐபி செய்திகளை இடையில் மாற்றும் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்பதை அணைத்துவிடுங்கள். பதிவேட்டில் 32 விநாடி அழைப்புகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பழைய பெட்டியைக் கைவிட மனமில்லாமல் அடாப்டர் வழியாக எஸ்ஐபியில் இணைப்பவர்கள், அடாப்டரில் இணைப்பு முடிவுச் சமிக்ஞையை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் அழைத்தவர் வைத்துவிட்ட பிறகும் பழைய பெட்டி வரியைப் பிடித்தபடியே இருக்கும், அடுத்தவருக்கு பிஸி கேட்கும். பழைய பெட்டியின் தானியங்கி வரவேற்புக் குரல் அடாப்டரின் பார்வையில் ‘எடுத்தாயிற்று’ என்றே பொருள்படும். அதை அணைத்தே ஆக வேண்டும்.

எல்லாம் அமைத்த பிறகு பதிவேட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆஸ்டரிஸ்க் ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு நீளங்களை எழுதுகிறது: ‘டியூரேஷன்’, அழைப்பு உள்ளே வந்ததிலிருந்து, ‘பில்செக்’, எடுக்கப்பட்டதிலிருந்து. வரிசைப் பதிவேடு தனியாக, ஆலோசகரோடு இணைந்த நேரத்தை எழுதுகிறது. தவறாக அமைந்த ஒரு பெட்டியில் ஓர் அழைப்பு எப்படித் தெரியும் என்று பாருங்கள். 14:05:10-க்கு வருகிறது. 14:05:11-க்கு வரவேற்புக் குரல் எடுக்கிறது. 14:05:23-க்கு வரிசையில் நுழைகிறது. 14:07:35-க்கு ஆலோசகர் பேசுகிறார். 14:12:03-க்கு முடிகிறது. பில்செக் 412. உண்மையான பேச்சு 268. இடையில் உள்ள 144 விநாடிக்கு, நிமிடம் 1.50 வீதம், 3.60 பவுண்டு. ஆலோசனைக்கு 6.70 பவுண்டு கொடுக்க வேண்டியவர் 10.30 கொடுத்திருக்கிறார், அணுகல் கட்டணம் வேறு. வாரத்துக்கு ஒருமுறை 09 வழியில் வந்த பத்து அழைப்புகளை எடுத்து, பில்செக்கிலிருந்து பேச்சு நேரத்தைக் கழித்துப் பாருங்கள். ஓரிரு விநாடிக்கு மேல் வந்தால் எங்கோ ஏதோ ஒன்று மனிதருக்கு முன்னால் எடுத்துக்கொண்டிருக்கிறது. மென்பொருளைப் புதுப்பித்த மறுநாளும் இதைச் செய்யுங்கள்.

அதே பதிவேட்டில் மோசடியின் அடையாளமும் தெரியும். நள்ளிரவில், ஒரே எண் வரிசையிலிருந்து, ஒரே நீளத்தில், எதிரில் பேச்சே இல்லாத அழைப்புகள் வந்தால் யாரோ திருடிய சிம்மிலிருந்தோ ஊடுருவப்பட்ட அலுவலகப் பெட்டியிலிருந்தோ அழைக்கிறார்கள். அந்த வருமானம் உங்களுக்கு நிற்காது. உடனே எண் வழங்கிய நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் பெட்டியே பிறருக்குக் கருவியாகாமல் இருக்க, வெளிச்செல்லும் வழிகளில் 09, 087, 118, 070 ஆகியவற்றையும் தேவையற்ற வெளிநாட்டுக் குறியீடுகளையும் அடைத்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் எண்ணையே கடவுச்சொல்லாக வைப்பது வாசலைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, உங்கள் கையில் இருக்கும் ஒரு காரியம். பெட்டியில் சொல்லப்படும் அறிவிப்பு இரண்டாவது காவல்தான்; முதலாவது விளம்பரத்தில் இருக்கிறது. இத்தகைய எண் எங்கு அச்சானாலும் அதன் அருகிலேயே, படிக்கக்கூடிய எழுத்தில், சேவைக் கட்டணம் இருக்க வேண்டும். ஆங்கில விளம்பரத்தில் அந்த வரியைப் போட்டுவிட்டுத் தமிழ் விளம்பரத்தில் எண்ணை மட்டும் பெரிதாகப் போடும் பழக்கத்தை ஏற்க முடியாது. தமிழ் மட்டுமே படிக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தானே அந்த வரி அதிகம் தேவை? விளம்பரப் பிரிவில் உள்ளவர்கள் 084, 087, 09, 118 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், கீழ்க்கண்ட வரி இல்லாமல் அச்சுக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தொகையை மட்டும் எண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

‘இந்த எண்ணுக்கு அழைத்தால் நிமிடத்துக்கு 1.50 பவுண்டு, அதோடு உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் அணுகல் கட்டணமும் சேரும்.’

இப்படிக்கு,
அலுவலகத் தொலைபேசி அமைப்புப் பணியாளர்கள் இருவர்,
கிழக்கு லண்டன்.